தத்துக்குப் போன கூடுதல் தாள்

“விடைத்தாளைப் படிக்கிறவனால் திருத்த முடியாது. திருத்தத் தெரிந்தவன் படிக்க மாட்டான். இந்த இருபத்தாறு வருஷத்தில் என் கை வழியாக ஒரு லட்சம் விடைத்தாளாவது போயிருக்கும். அதில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. ஒரு புகார்கூட வந்ததில்லை.”

பேராசிரியர் பன்னீர்செல்வம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முகத்திலும் இல்லை. தொண்ணூற்றெட்டாம் வருஷம் மே மாதம், செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில், பி.ஏ. அரசியல் அறிவியல் விடைத்தாள் திருத்தும் முகாமை அவர் அப்படித்தான் தொடங்கிவைத்தார். முகாமின் தலைமைத் தேர்வாளர் அவர்தான். எல்லோரும் ‘சீஃப்’ என்பார்கள். நல்ல அறைகளையெல்லாம் வணிகவியல்காரர்கள் பிடித்துக்கொண்டதால் அரசியலுக்கு விலங்கியல் ஆய்வகம் ஒதுக்கப்பட்டிருந்தது. சுவரோரம் கண்ணாடி ஜாடிகளில் ஊறிக்கொண்டிருந்த தவளை, ஓணான், பெயர் தெரியாத ஒரு மீன் ஆகியோரும் வாயைத் திறந்தபடியே உரையைக் கேட்டார்கள். தேர்வாளர்கள் கை தட்டினார்கள்.

நீலமேகமும் தட்டினான். கொஞ்சம் தாமதமாக.

அவன் கருங்குழிக்காரன். மதுராந்தகம் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இது அவனுக்கு முதல் முகாம். திருத்தும்போது சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று கனமான இரண்டு பாடப்புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பக்கத்து ஸ்டூலில் இருந்த பானுமதி மேடம் அந்தப் பையை எட்டிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, பரீட்சை எழுத வந்தியா?”

பானுமதி மேடம் பல முகாம் கண்டவர். பச்சை நிற வயர் சுருள் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கூடை பின்னியபடியே திருத்துவார். பண்டல் ஒன்று முடியும்போது கூடையில் இரண்டு வரிசை ஏறியிருக்கும். இரண்டிலும் பிசிறு இருக்காது.

முதலில் ‘கீ’ நிறைவேறியது. எந்தக் கேள்விக்கு எந்தெந்தக் குறிப்பு இருந்தால் எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லும் விடைக்குறிப்புக்குத்தான் கீ என்று பெயர். “கீயை யாராவது எதிர்க்கிறீங்களா?” என்று சீஃப் கேட்டார். யாரும் எதிர்க்கவில்லை. ஏகமனதாக ஏற்கப்பட்டது என்று பதிவானது. அதன் பிறகு கீ விநியோகிக்கப்பட்டது.

நீலமேகம் எழுந்து, “சார், ஒரு தடவை பார்த்துட்டு ஏத்துக்கலாமே?” என்றான்.

“தம்பி,” என்றார் சீஃப், கோபமே இல்லாமல், “சபையில மசோதாவை எல்லாரும் படிச்சுட்டா கையைத் தூக்கறாங்க? ஊருக்கெல்லாம் நாடாளுமன்ற நடைமுறை சொல்லிக்குடுக்கிற நாமளே அதை மீறலாமா?”

கீ, சீஃப் எழுதி வெளியிட்ட நோட்ஸின் ஆறாம் அத்தியாயமாக இருந்தது. அச்சுப்பிழைகள்கூட அப்படியே இருந்தன.

அடுத்தது மாதிரித் திருத்தம். எல்லோரும் ஒரே அளவுகோலில் மதிப்பெண் போட வேண்டும் என்பதற்காக ஒரே விடையை ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுப்பார்கள். கேள்வி: ‘மக்களாட்சியின் குறைபாடுகளை ஆராய்க.’ தேர்வாளர்கள் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். நீலமேகம் குனிந்தவன் நிமிரவில்லை.

மதிப்பெண்கள் வாசிக்கப்பட்டன. இருபதுக்கு ஒருவர் நாலு போட்டிருந்தார், ஒருவர் பதினேழு. மற்றவர்கள் இடையில் பரவியிருந்தார்கள்.

“இதுக்குப் பேருதான் பன்முகத்தன்மை,” என்றார் சீஃப் பெருமையாக. “கூட்டி வகுத்தா பதினொண்ணு. அருமை.”

“சார்,” என்றான் நீலமேகம். “இதுல மக்களாட்சியே இல்ல. பணவீக்கம்னு எழுதியிருக்கு. எகனாமிக்ஸ் பேப்பர் போலிருக்கு. தப்பா வந்துடுச்சு.”

சீஃப் பேனாவைக் கீழே வைத்தார்.

“நீங்க படிச்சீங்களா?”

“ஆமாம் சார்.”

“யாரு படிக்கச் சொன்னது?”

நீலமேகம் பதிலைக் கீயில் தேடினான். அதில் இல்லை.

சீஃப் சபையைப் பார்த்தார். “சரி, ஒரு கருத்து வந்திருக்கு. மக்களாட்சியில எந்தக் கருத்தையும் நசுக்கக் கூடாது. பணவீக்கம் மக்களாட்சியின் குறைபாடா, இல்லையா? குறைபாடுன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க.”

ஒரு கை தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. கத்திரிக்காய் விலை நினைவுக்கு வந்திருக்க வேண்டும், பானுமதி மேடம் இரண்டு கையையும் தூக்கினார். பதினொன்று நிலைத்தது.

பிறகு சீஃப் தன் முறையைக் கற்றுக்கொடுத்தார். அது சாண் முறை. கட்டைவிரலைக் கேள்வி எண்ணின் மேல் வைத்து, சுண்டுவிரலைக் கீழே நீட்ட வேண்டும். சாணுக்கு மூன்று மதிப்பெண். அடிக்கோடிட்ட உட்தலைப்புக்கு அரை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தால் முக்கால். ‘முடிவுரை’ என்ற சொல்லுக்கு ஒன்று. வரைபடத்துக்கு ஒன்று, எந்த நாட்டின் வரைபடமாக இருந்தாலும் பரவாயில்லை, நமக்குப் பாகுபாடு கிடையாது.

“சார், ஒரு சந்தேகம்,” என்று பானுமதி மேடம் கையை உயர்த்திக் காட்டினார். “என் கை சின்னக் கை. என் பண்டல்ல வர்ற பசங்களுக்கு சாண் ஜாஸ்தியாயிடுமே?”

அரை மணி நேரம் விவாதம் நடந்தது. கை பெரிய தேர்வாளரிடம் மாட்டிய மாணவனுக்கு இழைக்கப்படும் அநீதியைப் பற்றி ஒருவர் தொண்டை கரகரக்கப் பேசினார். சமத்துவம், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்றெல்லாம் பேச்சு வந்தது. கடைசியில் பானுமதி மேடத்தின் வயர் சுருளிலிருந்து சீஃபின் சாண் அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்கொன்று வழங்கப்பட்டது. அன்று முதல் முகாமில் எல்லோர் பாக்கெட்டிலிருந்தும் பச்சையாக ஒரு நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“கடைசியா ஒண்ணு,” என்றார் சீஃப். “அரசியல் விடைத்தாள்ல அரசியல் இருக்கக் கூடாது. மக்களாட்சியின் தத்துவம் எழுதட்டும். மக்களாட்சியில நடக்கிறதை எழுதினா, அதுக்கு நாம பொறுப்பில்ல. சொந்தக் கருத்தும் கூடாது. சொந்தக் கருத்து இருக்கிறவன் எதுக்குக் காலேஜுக்கு வரான்?”

இதையும் யாரும் எதிர்க்கவில்லை.

நீலமேகம் மட்டும் வயரையும் வைத்துக்கொண்டு, படிக்கவும் படித்தான். டீ வருவதற்குள் மற்றவர்கள் ஒரு பண்டலை முடித்து, காலை நீட்டி, பிள்ளைகளுக்கு எந்த எஞ்சினியரிங் காலேஜ் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் மூன்றாவது பேப்பரில் இருந்தான்.

“இப்படிப் படிச்சுக்கினே இருந்தியானா, பசங்க வேலைக்குப் போய் ரிட்டயர்டு ஆன பெறகுதான் ரிசல்ட்டு வரும்,” என்றார் பானுமதி மேடம், ஒரு வயரை இழுத்து இறுக்கியபடி. “படிக்கிறதெல்லாம் எழுதறப்போ அவங்க வேல. நம்ம வேல கூட்டறது.”

முகாமில் இன்னொரு வழக்கமும் இருந்தது. மூலையில் சாக்குப்பைகளுக்கு நடுவே கோணி ஊசியும் டொயின் நூலும் வைத்துக்கொண்டு கண்ணாயிரம் உட்கார்ந்திருப்பார். முகாம் உதவியாளர். விடைப் புத்தகம் தீர்ந்த மாணவர்கள் கூடுதல் தாள் வாங்கி எழுதி, பின்னால் நூலால் கட்டிவிடுவார்கள். வருகிற வழியில் லாரி குலுங்கும், நூல் அவிழும், தாள் உதிரும். தாளில் எண் இருக்காது. யாருடையது என்று அந்தத் தாளுக்கே தெரியாது. இப்படி உதிர்ந்த தாள்களைக் கண்ணாயிரம் பொறுக்கி அடுக்கி, பார்க்க மெலிந்திருக்கும் விடைத்தாளாகத் தேர்ந்தெடுத்து, அதோடு சேர்த்துத் தைத்துவிடுவார். இதற்குத் தத்துக் கொடுப்பது என்று பெயர்.

“இது ரொம்ப ஒல்லியா கீது சார்,” என்று ஒரு விடைத்தாளை நீலமேகத்திடம் தூக்கிக் காட்டினார். “பெத்தவங்க இன்னா பாடு படறாங்களோ. ரெண்டு தாளு சேத்துடறேன்.”

“அது அவன் எழுதினது இல்லையே?”

“எவனோ எழுதினதுதானே சார். வீணாப் போவலாமா?”

சீஃபுக்கு இதில் தனிப் பெருமை. “என் முகாம்ல ஒரு தாள் அநாதையா நின்னதில்லை,” என்பார்.

கடைசி நாள் காலையில் நீலமேகத்துக்கு வந்த பண்டல் மெல்லியது. மேலே முத்திரை: ‘பழைய பாடத்திட்டம். இறுதி வாய்ப்பு.’ அந்தப் பாடத்திட்டம் அந்த வருஷத்தோடு ஒழிகிறது. இதில் தேறாதவர்கள் புதிய பாடத்திட்டத்தில் எல்லாத் தாள்களையும் முதலிலிருந்து எழுத வேண்டும். எழுதுவார்களா என்ன? அத்தோடு விட்டுவிடுவார்கள். அதாவது இந்தப் பண்டலில் தவறினால் பட்டம் இல்லை.

அதில் ஒரு விடைத்தாள். உருண்டை உருண்டையான கையெழுத்து. சின்னக் கேள்விகளில் பாதிதான் எழுதியிருந்தாள். எழுதியவள் பெண் என்பது கடைசிக் கேள்வியில்தான் தெரிந்தது. ‘உள்ளாட்சி அமைப்புகளில் மகளிர் இட ஒதுக்கீட்டின் பயன்களை விவரி.’ அதற்கு உட்தலைப்பு இல்லை, அடிக்கோடு இல்லை. வயரை வைத்துப் பார்த்தான். ஒன்றரைச் சாண். மொத்தத்தைக் கூட்டினால், தேறுவதற்குக் கொஞ்சம் குறைந்தது. மறுபடி கூட்டினான். அதே கொஞ்சம்தான் குறைந்தது.

பிறகு படித்தான். படித்து முடித்ததும் பக்கத்தைத் திருப்பினான். பின்னால் அட்டைதான் இருந்தது. பக்கத்தின் அடியில் ‘தொடர்ச்சி கூடுதல் தாளில்’ என்று எழுதியிருந்தது. ஓரத்தில் நூல் கோத்த ஓட்டை இருந்தது. நூலும் இல்லை, தாளும் இல்லை.

அவன் கண்ணாயிரத்திடம் ஓடினான்.

“நேத்தே பூராத்தையும் தத்துக் குடுத்துட்டேனே சார்.”

“யாருக்கு?”

“ஒல்லியா இருந்தவங்களுக்கெல்லாம்.”

சீஃப் பெரிய மேஜையில் உட்கார்ந்து மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் எந்த மதிப்பெண்ணும் மாறாது. நீலமேகம் விஷயத்தைச் சொன்னான். கடைசி வாய்ப்பு என்பதை இரண்டு தடவை சொன்னான்.

“பேப்பர்ல இல்லாத தாளுக்கு மார்க் கிடையாது,” என்றார் சீஃப்.

“தேடிப் பார்த்துடலாம் சார்.”

“எப்படித் தேடுவீங்க? நம்பர் கிடையாது. எல்லாருக்கும் நீல மைதான். எதை வெச்சுக் கண்டுபிடிப்பீங்க?”

“படிச்சுத்தான் சார்.”

ஆய்வகம் சிரித்தது. சீஃப் கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினார். இளைஞர்கள் கெட்டுப்போவதை நேரில் பார்க்கும் வாய்ப்பு எப்போதாவதுதான் கிடைக்கும். அவர் அதை நழுவவிடவில்லை. விடைத்தாளை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

“எல்லாரும் இங்க பாருங்க. இருபதுக்கு இருபது தகும்னு நம்ம தம்பி நினைக்கிற விடை எப்படி இருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுக் காட்டறேன். உதாரணத்துக்காக வாசிக்கிறது படிக்கிறதுல சேராது. குறிச்சுக்கங்க.”

மூக்கை லேசாகத் தூக்கி, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற ராகத்தில் ஆரம்பித்தார்.

“‘எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். அங்கிருந்து கல்லூரிக்கு வந்த பெண் நான் ஒருத்திதான். எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் என் சித்தி. தலைவர் என்று யாராவது கூப்பிட்டால் சித்தப்பாதான் திரும்பிப் பார்ப்பார். சித்தியும் அவரைத்தான் பார்ப்பாள்.’”

பின்வரிசையில் யாரோ கிக்கென்று சிரித்தார்கள். சீஃபும் சிரித்தார்.

“‘தலைவரின் முத்திரை சித்தப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். கடலுக்குப் போகும்போது பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். சித்தியின் கையெழுத்தைச் சித்தியைவிட அழகாகப் போடுவார். ஒருநாள் ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். சித்தி வாசலில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். தலைவர் எங்கே என்று அவளிடமே கேட்டார்கள். எங்கள் பஞ்சாயத்து எழுத்தர் கடலைக் கைகாட்டினார்.’”

இந்த இடத்தில் சீஃபின் ராகம் கொஞ்சம் குறைந்தது.

“‘தலைவரைக் கூப்பிடுங்கள் என்றார் அதிகாரி. கரையில் நின்று ஒருவர் கைலியை வீசிக் காட்டினார். போட்டில் இருந்த சித்தப்பா, மீன் வரத்து நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள் போல என்று நினைத்து, அவரும் துண்டை வீசிக் காட்டிவிட்டு இன்னும் தூரம் போனார். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. ஜீப்புக்குத் திரும்பப் போனார். சித்தி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பஞ்சாயத்து ஆபீஸுக்குள் போனாள். தலைவர் நாற்காலியை இழுத்து வெளியே போட்டாள். போட்டுவிட்டு...’”

சீஃப் பக்கத்தைத் திருப்பினார். அட்டையைப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் வந்தார்.

“போட்டுட்டு?” என்று பானுமதி மேடம் கேட்டார். கூடை மடியிலிருந்து சரிந்து கீழே கிடந்தது.

“‘தொடர்ச்சி கூடுதல் தாளில்,’” என்று வாசித்தார் சீஃப்.

“நாற்காலியில உக்காந்திருப்பா சார்,” என்றது ஒரு குரல்.

“தூக்கி ஜீப் மேல அடிச்சிருப்பா. எங்க ஊருப் பக்கம் அப்படித்தான்.”

“அந்தாளு எப்ப சார் கரைக்கு வந்தான்?”

“அமைதி!” என்றார் சீஃப். “இது விடைத்தாள். தொடர்கதை இல்ல. கீ பாயிண்ட் ஒண்ணாவது இருக்கா இதுல? கதை சொல்றதுக்கு யுனிவர்சிட்டி எதுக்கு?” தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “தம்பி, சாயங்காலம் நாலு மணிக்கு பண்டல் எல்லாம் சீல் ஆயிடும். வேன் மாமல்லபுரம் கிளம்பும். அதுக்குள்ள உங்க சொந்தப் பொறுப்புல எதை வேணும்னாலும் தேடிக்கங்க. படிச்சுப் படிச்சுக் கண்ணு கெட்டுப் போச்சுன்னா முகாம் பொறுப்பில்ல.”

முகாம் முடிகிற நாளில் தேர்வாளர்களை வேனில் மாமல்லபுரம் கூட்டிப்போய், கடற்கரையில் காலாற நடக்கவிட்டு, மீன் வறுவல் வாங்கிக் கொடுப்பது சீஃபின் வழக்கம்.

நீலமேகம் முதல் பண்டலைப் பிரித்தான். பின்பக்கம் தையல் போட்ட தாள்களாகப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஸ்டூல் நகர்ந்தது.

“பாதியக் குடு,” என்றார் பானுமதி மேடம். “அந்தப் பொண்ணு பாஸாவறது ஒரு பக்கம் இருக்கட்டும். நாற்காலி இன்னா ஆச்சுன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்காது.”

மற்றவர்களும் சேர, வேலை ஆளுக்கொரு பண்டலாகப் பிரிந்தது. சாப்பாட்டுக்குப் போனவர்கள் கை கழுவிவிட்டு நேராக வந்து உட்கார்ந்தார்கள். தேடப் போன இடத்தில் தேடாததெல்லாம் கிடைத்தது. ஒரு மாணவன் ஒரே பத்தியை வெவ்வேறு தலைப்பில் திரும்பத் திரும்ப எழுதி முதல் வகுப்பு வாங்கியிருந்தான். ஒருவன் தேசப் படத்துக்குப் பதில் திருப்போரூர் கோயிலுக்கு வழி வரைந்திருந்தான். பஸ் ஸ்டாண்டும் குளமும் சரியாகவே இருந்தன, ஒரு மதிப்பெண்ணும் இருந்தது. இன்னொருவன், ‘ஐயா, இதை நீங்கள் படிக்கப் போவதில்லை. ஆகவே மாநில ஆளுநரின் அதிகாரங்களுக்குப் பதிலாக எங்கள் ஊர் கபடிக் குழுவை அறிமுகப்படுத்துகிறேன்’ என்று எழுதி, ஒவ்வொரு வீரர் பெயரையும் ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டிருந்தான். முடிவுரையும் இருந்தது. இருபதுக்குப் பதினாறு.

“யாரு போட்ட மார்க்கு இது?” என்றார் ஒருவர்.

“என் இனிஷியல்தான்,” என்றார் பானுமதி மேடம், கொஞ்சமும் அசராமல். “டீம் நல்லா இருக்கு, இல்ல?”

ஆய்வகமே ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தது. சீஃப் கதவருகே வந்து நின்றார். “இது என்ன லைப்ரரியா?” என்று கேட்டார். யாரும் நிமிரவில்லை. “மானம் போவுது. பக்கத்துல காமர்ஸ்காரங்க இருக்காங்க. நாம படிக்கிறது வெளிய தெரிஞ்சா அரசியல் துறைக்கு என்ன மரியாதை?”

நாலு மணி ஆயிற்று. தாள் கிடைக்கவில்லை.

மிச்சம் இருந்தவை சீஃப் தானே திருத்திச் சேமிப்பறையில் வைத்திருந்த பண்டல்கள்தான். நீலமேகம் அந்தப் பக்கம் பார்த்தான்.

“என் பண்டல்ல கை வைக்க வேணாம்,” என்றார் சீஃப். “அதுக்கெல்லாம் நான் சீல் வெச்சுக்கறேன். நேரம் முடிஞ்சுது. அந்தப் பேப்பர் ஃபெயில். இங்க குடுங்க, நானே கையெழுத்துப் போட்டுடறேன். எல்லாரும் போய் வேன்ல ஏறுங்க.”

“சார், அந்தப் பொண்ணுக்கு இதோட...”

“ஏறுங்க தம்பி.”

நீலமேகம் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பானுமதி மேடம் முடியாத கூடையை மடியில் வைத்திருந்தார், பின்னவில்லை. அவர் கை சும்மா இருந்ததை அந்த முகாம் அன்றுதான் பார்த்தது. கொளவாய் ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். சீஃப் வரவில்லை. மறுபடி அடித்தார். மறுபடியும் வரவில்லை.

“தம்பி, மேல போய்க் கூட்டிக்கினு வா,” என்றார் பானுமதி மேடம். “இருட்டினா கடல் தெரியாது.”

நீலமேகம் மாடியேறினான். ஆய்வகம் காலியாக இருந்தது. சேமிப்பறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே, கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் பேராசிரியர் பன்னீர்செல்வம் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அவருடைய பண்டல்கள், சீல் இல்லாமல், நூல் அவிழ்ந்து கிடந்தன. கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டிருந்தார். அவர் கையில் கோணி ஊசி இருந்தது.

நீலமேகத்தைப் பார்த்ததும் ஊசி நின்றது.

“கூட்டல் சரிபார்த்துக்கிட்டிருக்கேன்,” என்றார்.

“சரிங்க சார்.”

“இந்தாங்க.” விடைத்தாளை நீட்டினார். பின்னால் ஒரு கூடுதல் தாள், மருத்துவமனைத் தையல் மாதிரி கோணல்மாணலாகத் தைக்கப்பட்டிருந்தது. “உங்க பண்டல் பேப்பர். கடைசி வரியில ஒரு கீ பாயிண்ட் இருக்கு. நீங்க கவனிக்கல. இவ்வளவு அலட்சியமா திருத்தினா எப்படி தம்பி? ஒருத்தர் எதிர்காலம் இல்லையா இது?”

முகப்பில் பழைய மதிப்பெண்ணை அடித்து, புதியதை எழுதி, வட்டம் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். தேறியிருந்தாள். தேறியது மட்டும் இல்லை, கடைசிக் கேள்விக்கு இருபதுக்குப் பதினெட்டு வாங்கியிருந்தாள்.

நீலமேகம் அங்கேயே நின்று கூடுதல் தாளைப் படித்தான்.

‘...அதில் உட்கார்ந்தாள். “தலைவர் வந்துட்டேன். இன்னா வேணும், கேளு” என்றாள். அதிகாரி தீர்மானப் புத்தகத்தைக் கேட்டார். சித்தி எடுத்துக் கொடுத்தாள். இதில் முத்திரை வைக்க வேண்டும் என்றார். “முத்திரை கடல்ல கீது. தலைவர் இங்க கீறேன். உனக்கு எது வேணும்?” என்று கேட்டாள். அவர் புத்தகத்தை மூடிவைத்தார். முத்திரை கரைக்கு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் எரியாத விளக்கு, கைப்பிடி இல்லாத பம்பு, கடல் ஓதம் ஏறுகிற தெரு எல்லாவற்றையும் காட்டினாள். வெயிலில் நடந்து நடந்து அதிகாரி எல்லாவற்றுக்கும் சரி என்றார். சாயங்காலம் சித்தப்பா போட்டை விட்டு இறங்கியபோது சித்தி கையை நீட்டினாள். அவர் மீன் கூடையைக் கொடுத்தார். சித்தி அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு மறுபடி கையை நீட்டினாள். இப்போது முத்திரை சித்தியின் சுருக்குப்பையில் வெற்றிலையோடு இருக்கிறது. சித்தப்பாவை யாராவது தலைவரே என்று கூப்பிட்டால் அவர் சித்தியைப் பார்க்கிறார். இவ்வாறாக உள்ளாட்சியில் மகளிர் பங்கேற்பு பெருகுகிறது.’

கடைசி வரி கீயின் முதல் குறிப்பு. எழுத்துக்கு எழுத்து அப்படியே.

“இந்தத் தாளைத் தத்து எடுத்திருந்த பையனுக்கு என்ன சார் பண்றது? அதுக்கும் மார்க் விழுந்திருக்குமே?”

“குடுத்தது குடுத்ததுதான். ஒரு ராத்திரி வெச்சுக் காப்பாத்தியிருக்கான், சும்மாவா?” சீஃப் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். “வேன் காத்திருக்கா?”

“ஆமாம் சார். எல்லாரும் உங்களுக்காகத்தான்...”

“நீங்கல்லாம் கிளம்புங்க. நான் பஸ்ல வந்துடறேன். கூட்டல் நிறைய பாக்கி இருக்கு.”

“நானும் இருக்கட்டுங்களா சார்?”

“கூட்டறதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?”

நீலமேகம் கதவைச் சாத்திவிட்டு நடந்தான். படிக்கட்டுக்கு வந்ததும் நின்றான். காலடிச் சத்தம் அடங்கட்டும் என்று உள்ளே ஒருவர் காத்திருந்தது போல ஒரு நிசப்தம். பிறகு ஒரு நூல் அறுந்தது. ஒரு பக்கம் புரண்டது. விரல் வைத்து, வரி வரியாக, வாய்க்குள்ளேயே வாசிக்கும் குரல் மெல்லக் கேட்டது.

“முன்னுரை. எங்கள் ஊரில் தேர்தல் வந்தபோது...”